சுமை தாங்கும் சிறகுகள்

விமானப் படை என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை ஒலியை முந்திப் பாயும் போர் விமானங்களே. குடியரசு தின விழாவில் கைதட்டலும் அவற்றுக்கே. படைவீரனையும், அவனுக்கு வேண்டிய அரிசியையும் மருந்தையும் துப்பாக்கிக் குண்டுகளையும் சுமந்து செல்லும் போக்குவரத்து விமானங்களை யார் எண்ணிப் பார்க்கிறோம்? தாக்குபவன் வீரன், சுமப்பவன் வெறும் வண்டிக்காரன் என்னும் எண்ணம் நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. அது மாற வேண்டும் என்பதே என் கருத்து.

வரலாறு என்ன சொல்கிறது? 1947 அக்டோபர் 27 அன்று டில்லியிலிருந்து புறப்பட்ட டகோட்டா விமானங்கள் சீக்கியப் படைவீரர்களை ஸ்ரீநகரில் இறக்கின. அந்த ஓடுபாதை பறிபோயிருந்தால் காஷ்மீரின் கதையே வேறாகியிருக்கும். முற்றுகையில் சிக்கிய பூஞ்ச் நகரில், அகதிகளும் வீரர்களும் சேர்ந்து சமன்செய்த நிலத்தில், இரவில் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் டகோட்டாக்கள் இறங்கின. 1948 மே 24 அன்று மெஹர் சிங், தளபதி திம்மய்யாவை உடன் அழைத்துக்கொண்டு, 11,000 அடிக்கு மேல் உயர்ந்த லே நகரின் மணல் தரையில் விமானத்தை இறக்கினார். பனி படிவதைத் தடுக்கும் கருவிகூட அந்த விமானத்தில் இல்லை! லே காப்பாற்றப்பட்டதற்கு அந்தத் துணிவும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை.

1962 அக்டோபரில் ஏ.என்.-12 விமானங்கள் டாங்கிகளையே சுஷூலுக்குத் தூக்கிச் சென்றன. 1971 டிசம்பர் 11 அன்று டாங்கைலில் பாராசூட் வீரர்களை இறக்கியவையும் போக்குவரத்து விமானங்களே. 1988 நவம்பர் 3 அன்று மாலத்தீவில் ஆட்சியைக் கவிழ்க்கக் கூலிப்படையினர் முயன்றபோது, ஆக்ராவிலிருந்து இரண்டு ஐ.எல்.-76 விமானங்கள் அன்றிரவே படையைக் கொண்டு சேர்த்தன.

போர் இல்லாத நாளிலும் இவர்களுக்கு ஓய்வில்லை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை கார் நிகோபார் விமானத் தளத்தையே சூறையாடியது. எஞ்சிய ஓடுபாதையில் நிவாரண விமானங்கள் வந்து இறங்கின.

இந்தப் பணியின் விலை என்ன? 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லே நோக்கிச் சென்ற ஏ.என்.-12 விமானம் 102 பேருடன் பனிமலையில் மறைந்தது. அவர்களில் நால்வரின் உடல்கள் 2024 செப்டம்பரில்தான் மீட்கப்பட்டன. 56 ஆண்டுகள்! 2016 ஜூலை 22 அன்று நம் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் காணாமற்போனது. அதன் சிதைவுகள் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் கிடப்பது 2024 ஜனவரியில் தெரியவந்தது. இவர்கள் எந்தப் போர்க்களத்திலும் மடியவில்லை. ஆகவே போர் வெற்றிகளை நினைவுகூரும் விழாக்களில் இவர்கள் பெயர் ஒலிப்பதில்லை. இது நியாயமா?

"சாலைகளும் சுரங்கப்பாதைகளும் வந்துவிட்டனவே, இனி இவ்வளவு செலவு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். செலவு மிகுதிதான், சாலை வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் பனிச்சரிவும் வெள்ளமும் சாலையை மூடும் நாளில்தான் அவசரமும் வருகிறது. எல்லையின் கடைசிக் காவல் சாவடியில் நிற்பவனை நாடு கைவிடாது என்ற நம்பிக்கையைக் காசால் அளக்க முடியுமா?

நம் முன்னோர் வழிப்போக்கரின் பாரத்தை இறக்கிவைக்கச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். சுமப்பவனை மதித்த மண் இது. மாணவ நண்பர்களே, நம் வரலாற்று வகுப்புகளில் போர்களின் ஆண்டுகளைப் படிக்கும்போது, அந்தப் போர்களுக்கு ஆளையும் சோற்றையும் கொண்டு சேர்த்தவர்களைப் பற்றியும் கேளுங்கள். பேராசிரியப் பெருமக்களே, அவர்களுக்கு ஒரு பாடவேளையேனும் ஒதுக்குங்கள். நாம் அவர்களுக்குச் செலுத்தக்கூடிய கடன் அதுவே.