பத்துக்குப் பத்து வாங்கிய விதை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

விடுமுறைக்கு வந்திருக்கும் பேரன் மைன்கிராப்ட் ஆடுகிறான். அதில் சேர்த்து ஆட 'அக்ரிகிராப்ட்' என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஒவ்வொரு விதைக்கும் மூன்று மதிப்பெண்: வளரும் வேகம், விளைச்சல், வலிமை. 1-ல் தொடங்கி 10 வரை ஏறும். இரண்டு செடிகளுக்கு நடுவே குச்சி நட்டு வைத்தால் கலப்புச் செடி முளைக்கிறது. எண் கூடியிருந்தால் வைத்துக்கொள்கிறான், இல்லாவிட்டால் எறிந்துவிடுகிறான். மூன்றும் 10 ஆனதும் வேலை முடிந்தது. மெண்டலின் பட்டாணியைக் கரும்பலகையில் வரைந்தபோது கொட்டாவி விட்டவர்கள் (பெயர் சொல்ல மாட்டேன், இதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்) இது இருந்திருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். அந்த மட்டில் எனக்குச் சந்தோஷம்தான்.

எனக்கு ஒப்பாதது அந்த 'எறிந்துவிடுவது'.

நம் செவ்வாப்பேட்டைக்குப் பக்கத்தில் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருப்பது உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? டி.கே.எம். என்று தொடங்கும் நெல் ரகங்கள் எல்லாம் அங்கே பிறந்தவை. திரூர்குப்பம் என்பதன் சுருக்கம் அது. 1952-ல் வந்த டி.கே.எம். 6, ஜி.இ.பி. 24-ஐயும் கோ 18-ஐயும் சேர்த்து எடுத்தது. அந்த ஜி.இ.பி. 24, கோணமணி நெல்லில் தானாகவே மாறி நின்ற செடியிலிருந்து கோவை நெல் நிலையத்தார் பிரித்து, 1921-ல் வெளியிட்ட சன்ன ரகம். வயலில் ஒன்று வித்தியாசமாக நிற்கிறதே என்று ஒருவர் குனிந்து பார்த்ததால் கிடைத்தது.

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் குருத்துப்பூச்சியைத் தாங்கும் நெல்லைத் தேடியபோது நம் டி.கே.எம். 6 கைகொடுத்தது. அதை வைத்து எடுத்ததுதான் 1969-ல் வந்த ஐ.ஆர். 20. நம் அப்பா, சித்தப்பா காலத்தில் வீட்டுக்கு வீடு பொங்கிய சோறு அதுதான். பாக்டீரியா இலைக்கருகல் நோயை எதிர்க்கும் 'எக்ஸ்ஏ 4' என்ற மரபணுவும் டி.கே.எம். 6-லிருந்து உலகத்து நெல்லுக்குப் போனது. 1952-ல் அந்த மரபணுவுக்குப் பெயரே கிடையாது. அந்த விதைக்கு யார் எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போட்டிருக்க முடியும்?

விளையாட்டில் மூன்று கட்டம்தான். வயலில் எத்தனை கட்டம் என்று எண்ணி முடியாது. சொர்ணவாரி அறுக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், விதை உறக்கம் இல்லாத நெல் கதிரிலேயே முளைத்துவிடும். மாடு வைத்திருப்பவனுக்கு வைக்கோல் நீளம் ஒரு குணம். குட்டை ரகம் வந்தபோது மூட்டை கூடியது, போர் சிறுத்தது. ஒன்றை ஏற்றினால் இன்னொன்று இறங்கும். மூன்றும் ஒருசேர 10 வாங்கும் செடியை நான் எந்த வயலிலும் பார்த்ததில்லை.

உழைப்பையும் சொல்ல வேண்டும். நெல் பூவில் ஆறு மகரந்தப் பைகள். அவை வெடிப்பதற்கு முன்பே பூவின் நுனியைக் கத்தரித்து ஆறையும் எடுத்துவிட்டு, காகித உறை மாட்டி, மறுநாள் காலை வேறு ரகத்தின் கதிரைக் கொண்டுவந்து தூவ வேண்டும். பூ திறந்திருப்பது கொஞ்ச நேரம், மகரந்தத்துக்கு உயிர் சில நிமிடம். ஒரு கதிரில் சில மணிகள் பிடித்தாலே பெரிய விஷயம். அதிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி ஒரு ரகமாக வெளியிட ஏறக்குறைய பத்து வருஷம் ஆகும். பேரன் அதை ஒரு மத்தியானத்தில் முடிக்கிறான்.

முடித்த பிறகும் முடிவதில்லை. குருத்துப்பூச்சியைத் தாங்கிய ஐ.ஆர். 20 புகையான் பூச்சியிடம் தோற்றது. விளையாட்டில் களை வரும், ஆனால் அது பாடம் கற்றுக்கொள்வதில்லை. வயலில் பூச்சியும் நோயும் கற்றுக்கொள்கின்றன. புல்தழைக் குட்டை நோய் வந்தபோது ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். தாங்கியது ஒன்றே ஒன்று: உத்தரப்பிரதேசத்திலிருந்து சேகரித்த ஒரு காட்டு நெல். விளைச்சலுக்கு அதற்கு ஒரு மதிப்பெண்கூடத் தேறாது. அதையும் சேர்த்துத்தான் குர்தேவ் குஷ் குழுவினர் 1976-ல் ஐ.ஆர். 36-ஐக் கொண்டுவந்தார்கள். அந்த ரகத்துக்குள்ளும் நம் டி.கே.எம். 6-இன் ரத்தம் ஓடுகிறது.

நம் பக்கம் வயல் மனையாகிறது, மனை கம்பெனியாகிறது. பிள்ளைகள் வேலைக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை, எத்தனையோ பேருக்கு நானே நற்சான்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் நிலத்தை விற்கும்போது குதிரைக் கழுவிக் கவிழ்த்து, கடைசிப் படி விதையைக் கோழிக்குப் போட்டுவிடுகிறோமே, அது எனக்குத் தாங்கவில்லை. விவசாயி தன் ரகத்தைத் தன் பெயரில் பதிவு செய்துகொள்ள 2001-ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் ராமையா பெயரில் விதைகளைக் காக்கும் மரபணு வங்கியும் இருக்கிறது.

உங்கள் பெரியப்பாவோ பாட்டியோ பெயர் தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது பழைய நெல்லை இன்னும் வைத்திருந்தால், எந்தப் பட்டத்தில் விதைத்தார்கள், எத்தனை நாளில் அறுத்தார்கள், எதற்கு ஆகும் என்று சொன்னார்கள், இதை மட்டும் ஒரு சீட்டில் எழுதி விதையோடு போட்டு வையுங்கள். கீழே கருத்தில் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். திரூருக்கு நானே எடுத்துக்கொண்டு போய்க் கேட்கிறேன்.