மலையில் ரெண்டாவது வீடு வாங்குறதுக்கு முன்னாடி

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் ரெண்டாவது வீடு வாங்கலாம்னு நினைக்கிறவங்களுக்காக இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். ரியல் எஸ்டேட் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. நீலகிரியில ஒரு அரசு மருத்துவமனையில எமர்ஜென்சி டூட்டி பாக்குற எம்பிபிஎஸ் டாக்டர் நான். அந்த ரூமுக்குள்ள நின்னு பாத்ததை வெச்சு மட்டும் சொல்றேன்.

ஒரு நவம்பர் மாசம். ராத்திரி ரெண்டேகால் மணி. 64 வயசு, ரிட்டயர் ஆனவர். சென்னையில சொந்த வீடு, இங்க தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல இன்னொண்ணு. நெஞ்சு வலி ஆரம்பிச்சது பத்தரை மணிக்கு. கேஸ்னு நினைச்சு சோடா குடிச்சிருக்கார். பதினொண்ணரைக்கு வேர்த்துக் கொட்டியிருக்கு. வீட்டுக்குள்ள போன் சிக்னல் கிடையாது. அவங்க மனைவி டார்ச்சை எடுத்துக்கிட்டு மழையில மேட்டுக்கு ஏறிப் போய் 108-க்கு போன் பண்ணியிருக்காங்க.

ஆம்புலன்ஸ் வந்துடுச்சு. மெயின் ரோடு வரைக்கும். அங்கிருந்து வீட்டுக்கு அரை கிலோமீட்டர் மண் ரோடு, சரிவு, சேறு. வண்டி இறங்க முடியல. வாசல்ல அவரோட கார் நிக்குது, ஆனா அந்த வீட்டுல கார் ஓட்டத் தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தான். கடைசியில ஆம்புலன்ஸ் ஸ்டாஃப் போய் கீழ லைன் வீடுகள்ல கதவைத் தட்டி, நாலு பேர் வந்து, போர்வையில வெச்சுத் தூக்கிட்டு ஏறியிருக்காங்க.

இசிஜி எடுத்தோம். பெரிய அட்டாக். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டு கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். பொழைச்சுக்கிட்டார். ஆனா இதயத்தோட பம்பிங் 30 சதவீதத்துக்கு இறங்கிடுச்சு. பாத்ரூம் போயிட்டு வந்தாலே மூச்சு வாங்குற நிலைமை. அதே ஊசியை ராத்திரி பதினொரு மணிக்குப் போட்டிருந்தா இவ்வளவு சேதம் ஆகியிருக்காதுன்னு என்னால தைரியமா சொல்ல முடியும்.

இதுல யார் மேலயும் தப்பு இல்ல. வீடு இருந்த இடம் அப்படி.

ப்ரோக்கர் உங்களைக் கூட்டிட்டுப் போறப்ப காட்டுறது வியூ. நீங்க பாக்க வேண்டியது ரோடு. மாரடைப்புக்கு ஆஞ்சியோ பண்ற வசதி 2 மணி நேரத்துக்குள்ள கிடைக்காதுன்னா, கட்டியைக் கரைக்கிற ஊசியை உடனே போட்டாகணும். பக்கவாதத்துக்கு அந்த ஊசி போடுற அவகாசம் நாலரை மணி நேரம். அதுவும் சிடி ஸ்கேன் எடுத்து, மூளையில ரத்தக்கசிவு இல்லைன்னு உறுதி பண்ணின பிறகுதான் போட முடியும். அதனால 'பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கு சார்'னு சொன்னா விட்டுடாதீங்க. ராத்திரி டாக்டர் இருக்காரா, 24 மணி நேரமும் சிடி ஓடுதா, மாரடைப்புக்கு ஊசி போடுவாங்களா, இந்த மூணையும் நேர்லயே போய்க் கேளுங்க. கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. நாங்க பதில் சொல்லுவோம்.

கூகுள் மேப் காட்டுற நேரத்தையும் நம்பாதீங்க. அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல, அந்த இடத்துலேர்ந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நீங்களே ஓட்டிப் பாருங்க. பனி இருக்கும். நடு ரோட்டுல காட்டுமாடு நிக்கும். யானை நின்னா அது போற வரைக்கும் காத்திருக்கணும். அந்த நேரத்தைக் குறிச்சு வெச்சுக்கோங்க. அப்புறம் வீட்டுல இன்னொருத்தருக்கு இந்த ரோட்டுல ஓட்ட வருமான்னு யோசிங்க. என் அனுபவத்துல பெரும்பாலும் ஓட்டத் தெரிஞ்சவருக்குத்தான் நெஞ்சு வலி வருது.

எந்த மாசத்துல போய்ப் பாக்குறீங்கங்கிறதும் முக்கியம். எல்லாரும் ஏப்ரல், மே மாசம் வெயிலுக்குப் பயந்து மேல வராங்க, குளுகுளுன்னு இருக்கு, அட்வான்ஸ் குடுத்துட்டுப் போயிடுறாங்க. நீலகிரியில கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை அடிக்கும், அதனால நவம்பர்ல வந்து பாருங்க. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்கு மழை, ஜூலை, ஆகஸ்ட்ல வாங்க. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 800 மில்லிமீட்டருக்கு மேல பெஞ்சுது. 2009 நவம்பர் மண்சரிவுல இந்த மாவட்டத்துல 40 பேருக்கு மேல செத்துப்போனாங்க. மலையைச் செங்குத்தா வெட்டி, வெட்டின மண்ணையே முன்னாடி கொட்டி சமமாக்கின பிளாட்தான் போட்டோவுல ரொம்ப அழகா இருக்கும். அந்த இடத்துக்கு நான் போக மாட்டேன். வீட்டுக்குப் பின்னாடி வெட்டின சுவர், முன்னாடி கொட்டின மண். மழை பெஞ்சா ரெண்டுமே நகரும்.

சட்ட விஷயம் என் துறை இல்ல, சுருக்கமா ஒண்ணு. பட்டா இருந்தா மட்டும் போதாது. மலைப்பகுதி பாதுகாப்பு விதிகள், தனியார் காடு சட்டம், யானை வழித்தடம்னு நிறைய இருக்கு. மசினகுடி பக்கம் சீகூர் யானை வழித்தட வழக்குல 2020-ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ரிசார்ட்காரங்க தோத்தாங்க. நல்ல வக்கீல்கிட்ட காசு குடுத்துக் கேளுங்க.

அப்பா அம்மாவுக்காக வாங்குறவங்களுக்கு. ஊட்டி கிட்டத்தட்ட 2,200 மீட்டர் உயரம். அங்க காத்தோட அழுத்தம் கடல்மட்டத்துல இருக்கிறதுல முக்கால் பங்குதான். ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்குத் தெரியாது. பல வருஷம் சிகரெட் பிடிச்சு நுரையீரல் கெட்டவங்க, ஹார்ட் ஃபெயிலியர் இருக்கிறவங்க இங்க வந்தா ஆக்ஸிஜன் இறங்கும். 'நல்ல காத்து, ஆஸ்துமா சரியாயிடும்'னு கூட்டிட்டு வந்து என்கிட்ட நெபுலைசர் வெச்சுக்கிட்டுப் போனவங்க ஏராளம். முதல்ல ஒரு மாசம் வாடகைக்கு இருந்து பாருங்க. 1,500 மீட்டர் உயரத்துல இருக்கிற ஏற்காடு மாதிரி ஊர் இவங்களுக்குத் தேவலை. 30 கிலோமீட்டர் இறங்கினா சேலம், பெரிய அரசு மருத்துவமனை. நடுவுல 20 கொண்டை ஊசி வளைவு, அதையும் மறந்துடாதீங்க.

பாம்பைப் பத்தி யாரும் கேக்கறதில்ல. நம்ம விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நாலுக்குத்தான் தயாரிக்கிறாங்க. மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கிற குழிவிரியன்கள் கடிச்சா அது வேலை செய்யாது. பெரும்பாலும் உயிர் போகாது, ஆனா சில பேருக்குக் கிட்னி போகும், டயாலிசிஸ் தேவைப்படும். தேயிலைச் செடிக்குள்ள செருப்பில்லாம நடக்காதீங்க.

இப்ப என்னோட ஃபேவரிட் டெஸ்ட். அந்த ஊர் டீக்கடையில உக்காந்து, 'இங்க பிரசவத்துக்கு எங்க போவாங்க?'ன்னு கேளுங்க. 'வலி வந்ததும் வண்டியில ஏத்திட்டுப் போயிடுவோம்'னு சொன்னா ரோடு பரவாயில்லைன்னு அர்த்தம். 'தேதிக்கு முன்னாடியே கீழ போய்த் தங்கிடுவாங்க'ன்னு சொன்னா, பல தலைமுறையா அங்க வாழுறவங்களே அந்த ரோட்டை நம்பலைன்னு அர்த்தம். மலைக்கிராமங்களுக்கான சில ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்குறதுக்கு காத்திருப்பு அறையே இருக்கு. உங்க பிளாட்டுக்குப் பக்கத்துல அது இருந்தா, அரசாங்கமே ரோட்டைப் பத்தி உங்களுக்குச் சொல்லிடுச்சுன்னு வெச்சுக்கோங்க.

அப்புறம், ஆள் இருக்கிற ஊருக்குள்ள வாங்குங்க. கேட் போட்டு, உள்ள பத்து வீடு, பத்தும் வீக்எண்டுக்கு மட்டும் திறக்குற லேஅவுட்ல செவ்வாய்க்கிழமை ராத்திரி உங்களைத் தூக்க ஆள் கிடையாது. அன்னிக்கு அவரைத் தூக்கிட்டு வந்த நாலு பேரும் அவருக்கு முன்னப்பின்ன தெரியாதவங்க. ரெண்டு வருஷமா பக்கத்துல இருந்தும் அவர் அவங்க பேரைக்கூடக் கேட்டதில்லைன்னு மனைவி அழுதுக்கிட்டே சொன்னாங்க. வீடு வாங்கினதும் அக்கம்பக்கத்துல போய்ப் பேசுங்க. உங்க போர்வெல்லால அவங்க ஊத்து வத்துதான்னும் கேளுங்க. அந்தக் கோபம் மலையில நிறைய இருக்கு, நியாயமான கோபம்.

ஏற்கெனவே வாங்கிட்டவங்க: நீங்க இதய நோயாளியா இருந்தா, ஆஸ்பிரின் உட்பட எமர்ஜென்சிக்கு என்ன மாத்திரை வீட்டுல வெச்சுக்கணும்னு உங்க டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல 'இதயம் காப்போம்' திட்டத்துல நெஞ்சு வலிக்கு முதல் டோஸ் மாத்திரை குடுப்பாங்க, எத்தனை மணி வரைக்கும்னு கேட்டு வெச்சுக்கோங்க. சிக்னல் கிடைக்கிற இடத்தைப் பகல்லயே கண்டுபிடிச்சு வீட்டுல எல்லாருக்கும் காட்டுங்க. ஜீப் வெச்சிருக்கிற ரெண்டு பேர் நம்பரை சுவத்துல எழுதி ஒட்டுங்க.

எந்த ஊர் பாக்குறீங்கன்னு கீழ சொல்லுங்க, எனக்குத் தெரிஞ்ச ரோடுன்னா சொல்றேன். இப்ப நைட் டூட்டிக்குக் கிளம்புறேன், பதில் காலையிலதான்.