துருசின் திறப்பு யாரிடம்?

கட்டுப்பாடு என்றதும் நம்மில் பலருக்குச் சோதனைச் சாவடிதான் நினைவுக்கு வரும். போர்க்காலத்தில் வானொலியும் பத்திரிகையும் நமது ஊர்களை ‘இவர்களின் கட்டுப்பாட்டுப் பகுதி’, ‘அவர்களின் கட்டுப்பாட்டுப் பகுதி’ என்றே பிரித்தன. அங்கு உழுது வாழ்ந்தவர்களின் கட்டுப்பாட்டில் எதுவும் இருந்ததாக எவரும் சொல்லவில்லை.

இதனால் உரித்து, ஆட்சி, அதிகாரம், கட்டுப்பாடு எல்லாவற்றையும் ஒன்றென எண்ணப் பழகிவிட்டோம். உறுதி கையில் இருப்பது உரித்து; காணியில் இருந்து பயிர் செய்வது ஆட்சி. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த பல குடும்பங்கள் உறுதியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு முகாம்களில் இருந்தன. காணியோ உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. குடியேற்றத் திட்டத்தில் உள்ளோர் நிலை வேறு. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் பெற்றவர் பயிரிடலாம், பின்னுரித்தாளியை நியமிக்கலாம். ஆனால் தம் விருப்பப்படி விற்க முடியாது. ஆட்சி அவரிடம், இறுதிச் சொல் அரசிடம்.

காணியை விடக் குளத்தில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். பெருங்குளங்கள் அரசினுடையவை. துருசின் திறப்பும் திணைக்கள ஊழியரிடமே. ஆயினும் போகத்துக்கு முன் அரசாங்க அதிபரோ அவரது பிரதிநிதியோ தலைமை தாங்கக் கமக்காரர் கூடுகின்றனர். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், விதைப்பு எந்நாள், தண்ணீர் நிறுத்துவது எந்நாள் என்பவை அங்கேதான் தீர்மானமாகின்றன. தலைமை தாங்குபவரிடம் இருப்பது அதிகாரம். கூடியிருப்போரிடம் இருப்பதையே நாம் கட்டுப்பாடு என்கிறோம். தீர்மானித்தபின் வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ளவரும் தம் முறைக்குக் காத்திருக்க வேண்டும். பிறரைக் கட்டுகிறவர் தாமும் கட்டுப்படுகிறார். அதிகாரத்தில் இது பெரும்பாலும் இல்லை.

தங்கியிருக்கும் ஊரிலிருந்து பஸ் ஏறிப்போய்க் கூட்டத்தில் குந்தியிருப்பது வீண் அலைச்சல் என்று சிலர் நம்மிடம் சொன்னதுண்டு. பஸ் காசும் ஒருநாள் கூலியும் போவது உண்மைதான். அந்தக் கூட்டங்கள் சொன்ன நேரத்துக்குத் தொடங்குவதும் அபூர்வம்! ஆனாலும் போகாதவரின் வயலையும் சேர்த்தே அங்கு முடிவு எடுக்கப்படுகிறது. காலபோகக் கூட்டத்துக்கு முன் கமநல சேவை நிலையத்துக்குப் போய், கமக்காரர் அமைப்பின் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கணவனை இழந்த சகோதரிகள், அங்கே இன்னமும் அவரது பெயர்தான் கிடக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.