எடைக்கல்லுக்கு முத்திரை உண்டு, சோதனைச் சாலைக்கு?

சந்தைக்குப் போகும் குடியானவர் வியாபாரியின் எடைக்கல்லைத் திருப்பிப் பார்க்காமல் மூட்டையை அவிழ்ப்பதில்லை. கல்லின் அடியில் ஈயத்தில் குத்திய முத்திரை இருக்கிறதா, அது எந்த ஆண்டு முத்திரை என்று பார்ப்பார். முத்திரை இல்லாத கல் என்றால் அந்தக் கடையில் வியாபாரம் இல்லை. மின்னணுத் தராசு வந்த பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை. தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மறு முத்திரை போட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

ஆனால் அதே குடியானவர் தம் நிலத்து மண்ணையோ, கிணற்றுத் தண்ணீரையோ, விதையையோ சோதனைக்குக் கொடுத்துவிட்டு வரும்போது, அந்தச் சோதனைச் சாலைக்கு முத்திரை போட்டது யார் என்று கேட்பதில்லை. காகிதத்தில் எண்ணும் கீழே ஒரு கையெழுத்தும் இருந்தால் போதும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். அரைக் கிலோ கத்தரிக்காய்க்குக் காட்டும் எச்சரிக்கையை மூன்று ஏக்கர் நிலத்தின் தலைவிதிக்குக் காட்டுவதில்லை.

புதுவாயல் பக்கத்து விவசாயிகளுக்கு இந்த விஷயம் மற்ற ஊர்க்காரர்களைவிட அதிகம் தேவைப்படுகிறது. சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், பெரியபாளையத்துக்குச் சாலை பிரியும் இடம் அது. வடக்கே கவரைப்பேட்டையைத் தாண்டினால் கும்மிடிப்பூண்டி சிப்காட். இரும்பு உருக்கும் ஆலைகளும் ரசாயனத் தொழிற்சாலைகளும் ஒரு பக்கம்; ஆரணியாற்றை ஒட்டி நெல்லும் வேர்க்கடலையும் காய்கறியும் மறு பக்கம். தெற்கே மீஞ்சூர், பொன்னேரிப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல் நீர் பல கிலோமீட்டர் தூரம் உள்ளே புகுந்துவிட்டது. ஆகவே இங்கே ஒரு கிணற்றில் தண்ணீர் கெட்டுப்போனால், காரணம் கடலா, ஆலையா, மிதமிஞ்சிய உரமா என்று கேள்வி வருகிறது. ஆலைக்காரர் கடல் என்பார். விவசாயி ஆலை என்பார். வழக்கைத் தீர்க்க வேண்டியது சோதனை அறிக்கை. அந்த அறிக்கையே நம்பத்தகாதது என்றால் என்ன செய்வது?

இதற்காக ஏற்பட்டதுதான் சோதனைச் சாலைகளுக்கான அங்கீகாரம். நம் நாட்டில் இதைத் தரும் அமைப்பு, பரிசோதனை மற்றும் அளவீட்டு ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம். சுருக்கமாக என்.ஏ.பி.எல். என்பார்கள். 1988ல் தொடங்கியது, 2016 முதல் இந்தியத் தரக் குழுமத்தின் ஓர் அங்கமாக இருக்கிறது. உலகில் முதன்முதலாக இப்படி ஓர் அமைப்பை ஏற்படுத்திய நாடு ஆஸ்திரேலியா; ஆண்டு 1947.

வாரியத்தின் ஆட்கள் சோதனைச் சாலைக்கு நேரில் வந்து என்ன பார்க்கிறார்கள்? கட்டடத்தின் அழகை அல்ல. சோதனை செய்பவர் படித்தவரா, அந்த வேலையில் பழகியவரா என்று பார்க்கிறார்கள். தங்கள் கண் முன்னால் ஒரு சோதனையைச் செய்து காட்டச் சொல்கிறார்கள். கருவிகளை எப்போது, எங்கே சரிபார்த்தார்கள் என்று ஏட்டைக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. ஒரே மாதிரியைப் பல சோதனைச் சாலைகளுக்கு அனுப்பி, யாருடைய விடை மற்றவர்களோடு ஒத்துப்போகிறது, யாருடையது விலகி நிற்கிறது என்று ஒப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடப் பரீட்சை போலத்தான். இதில் தொடர்ந்து தவறும் சாலை அங்கீகாரத்தை வைத்துக்கொள்ள முடியாது. இந்த விதிகள் ஐ.எஸ்.ஓ. 17025 என்ற உலகப் பொது விதிமுறையைச் சேர்ந்தவை.

கருவியைச் சரிபார்ப்பது அற்ப விஷயம் என்று நினைக்க வேண்டாம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. மழைக் காலங்களில் மத்திய அரசு இதைத் தளர்த்துவதும் உண்டு. ஈரமானி ஒரு சதவீதம் கூட்டிக் காட்டினாலும் 16.5 உள்ள நெல் திரும்பிவிடும். மறுபடி களத்தில் கொட்டிக் காயவைத்து, மறுபடி வண்டி வைத்து, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். பால் சங்கத்தில் கொழுப்புச் சத்து பார்க்கும் கருவியின் கதையும் இதுவே. ஈரமானி எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்று கேட்பது விவசாயியின் உரிமை. அதைச் சண்டையாக எடுத்துக்கொள்ளும் ஊழியர்தான் மாற வேண்டும்.

இனி, பலரும் ஏமாறும் ஓர் இடம். அங்கீகாரம் என்பது சோதனைச் சாலைக்கு மொத்தமாகத் தரப்படுவது அல்ல. எந்தப் பொருளில், எந்தச் சோதனையை, எந்த முறையில், எந்த அளவு வரை செய்யலாம் என்று பட்டியல் போட்டுத் தரப்படுவது. தொழிற்பேட்டை வட்டாரத்தில் இது மிக முக்கியம். இரும்புக் கம்பியின் இழு பலத்தைச் சோதிப்பதற்கு அங்கீகாரம் பெற்ற சாலை, அதே பெயர்ப் பலகையின் கீழ் மண்ணையும் தண்ணீரையும் வாங்கிச் சோதித்துக் கொடுக்கலாம். சட்ட விரோதம் இல்லை. ஆனால் மண்ணுக்கான அந்த அறிக்கைக்கு வாரியத்தின் முத்திரை இல்லை. வாசலில் உள்ள பலகையைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுவது, மாட்டு டாக்டரிடம் கண் வைத்தியம் பார்த்துக்கொள்வது போன்றது. அவர் நல்ல டாக்டர்தான், ஆனால் மாட்டுக்கு.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, “உங்களுக்கு அங்கீகாரம் உண்டா?” என்பது அல்ல. “தண்ணீரில் காரீயம் பார்ப்பதற்கு உங்களுக்கு அங்கீகாரம் உண்டா?” என்று சோதனையின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். பட்டியலை வாரியம் தன் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் இரண்டு நிமிட வேலை. அறிக்கை கைக்கு வந்ததும் மேலே வாரியத்தின் சின்னமும், அந்த அறிக்கைக்கென்றே உள்ள தனி எண்ணும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில வரிகளுக்கு எதிரே நட்சத்திரக் குறி போட்டு, அந்தச் சோதனைகள் அங்கீகாரத்துக்கு உட்பட்டவை அல்ல என்று அடியில் பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். பொடி எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

“கண்டறியப்படவில்லை” என்ற சொல்லிலும் ஏமாறக் கூடாது. குடிநீரில் காரீயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒரு சாலையின் கருவிக்கு 0.05 மில்லிகிராமுக்குக் கீழே பார்வையே தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அளவுக்கு மூன்று மடங்கு காரீயம் இருந்தாலும் “கண்டறியப்படவில்லை” என்றுதான் அது எழுதும். பொய் இல்லை, ஆனால் பிரயோசனமும் இல்லை. கருவியால் எதுவரை காண முடியும் என்ற எண்ணையும் அறிக்கையில் எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

அங்கீகாரம் இல்லாத அறிக்கை கோர்ட்டில் என்ன ஆகும் என்பதற்கு நாடறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. மேகி நூடுல்ஸில் காரீயம் 17.2 பி.பி.எம். இருப்பதாக, அதாவது அனுமதித்த 2.5 அளவைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு இருப்பதாக, கல்கத்தாவிலுள்ள மத்திய உணவு ஆய்வகம் அறிக்கை தந்தது. 2015 ஜூன் மாதம் நாடு முழுவதும் தடை வந்தது. தமிழக அரசும் தடை போட்டது. கடைகளிலிருந்து திருப்பி எடுத்து அழித்த சரக்கு பல ஆயிரம் டன். கம்பெனி பம்பாய் உயர் நீதிமன்றம் சென்றது. ஆகஸ்டு 13ஆம் தேதி நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. கம்பெனியின் வாதத்தைக் கேட்காமலே தடை போட்டது ஒரு காரணம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆவது பிரிவு கேட்கும் அங்கீகாரம் அந்தச் சோதனைகளைச் செய்த ஆய்வகங்களுக்கு இல்லை என்பது மற்றொன்று. அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில், மொகாலி, ஜெய்ப்பூர், ஐதராபாத் ஆகிய ஊர்களில், மறு சோதனை செய்யச் சொன்னார்கள். மூன்றிலும் காரீயம் அளவுக்குள் இருந்தது. நவம்பரில் விற்பனை மீண்டும் தொடங்கியது.

சர்க்காரின் ஆய்வகங்களே இப்படிக் கோர்ட்டில் நிற்க முடியவில்லை என்றால், பெயர் தெரியாத ஒரு கூடத்தின் காகிதத்தோடு போகும் சிறு விவசாயி எந்த மூலைக்கு?

ஆலைக் கழிவு விவகாரத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆலைக்கு எதிராகச் சான்றாக நிற்க வேண்டுமானால், அதிகாரி ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரி எடுத்து, மூடி முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டு, தாமதமின்றி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். விவசாயி தாமே பாட்டிலில் பிடித்துக்கொண்டு போன தண்ணீர் இந்த இடத்தை நிரப்பாது. அதற்காக அந்தச் சோதனை வீண் என்றும் ஆகாது. அங்கீகாரம் பெற்ற சாலையின் அறிக்கையை இணைத்துக் கொடுத்த மனுவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ, மாவட்ட ஆட்சியரோ, சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயமோ லேசில் ஒதுக்க முடியாது. அதிகாரியை மாதிரி எடுக்க வரவழைக்கும் வேலையை அது செய்யும்.

எல்லாச் சோதனைக்கும் அங்கீகாரம் பெற்ற இடத்தைத் தேடி ஓட வேண்டும் என்பதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் விவசாயிக்கு வீண் செலவு. அடுத்த பட்டத்துக்கு எவ்வளவு யூரியா, எவ்வளவு பொட்டாஷ் என்று தெரிந்துகொள்ள வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையமோ, திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையமோ போதும். கிணற்று நீர் உப்பா என்று பார்ப்பதும் அப்படியே. மின்கடத்து திறன் 2.25 டெசிசைமனைத் தாண்டினால் (பழைய ஆட்கள் மில்லிமோ என்பார்கள்) பாசனத்துக்கு எச்சரிக்கை வேண்டும். அது 2.3 ஆனாலும் 2.4 ஆனாலும் விவசாயி செய்ய வேண்டியது ஒன்றுதான். பணம் கைமாறும் இடம், வழக்கு நடக்கும் இடம், நஷ்ட ஈடு கேட்கும் இடம், சரக்கு கப்பல் ஏறும் இடம் ஆகியவற்றில்தான் முத்திரைக்கு மதிப்பு.

மாதிரி எடுப்பதில் தவறினால் எந்த முத்திரையும் உதவாது. வரப்போரம், மர நிழல், எருக்குவித்த இடம் நீக்கி, பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் அரை அடி ஆழம் வெட்டிச் சுரண்டிய மண்ணைக் கலந்து அரைக் கிலோவாகக் குறைக்க வேண்டும். தண்ணீர் என்றால் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரில் பாட்டிலை அலசிப் பிடிக்க வேண்டும். காரீயம் போன்ற உலோகங்களைப் பார்ப்பதானால் சோதனைச் சாலை ஆட்களே வந்து எடுப்பது நல்லது. அமிலம் சேர்த்துப் பாதுகாக்கும் முறை அதற்கு உண்டு.

அங்கீகாரம் பெற்ற சாலையும் கேட்டதைத்தான் சோதிக்கும். 2010ல் மகாராஷ்டிரத் திராட்சையை ஐரோப்பாவில் திருப்பினார்கள். வளர்ச்சியைக் கட்டுப்படுத்தக் கொடிகளுக்குத் தெளிக்கும் குளோர்மெக்வாட் என்ற மருந்து அளவுக்கு மேல் இருந்தது. இங்கே கப்பலேற்றும் முன் சோதனை நடக்காமல் இல்லை. சோதிக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அடி வாங்கியது திராட்சை விவசாயி.

சோதனைச் சாலைகளுக்கு உள்ளதுபோல் நேரில் வந்து பார்த்துச் சான்று தரும் ஆய்வு நிறுவனங்களுக்கும் அங்கீகாரம் உண்டு. கொதிகலன், பளுத்தூக்கி, ஏற்றுமதிச் சரக்கு இவற்றைப் பார்வையிடுவது அவர்கள் வேலை. விதி ஐ.எஸ்.ஓ. 17020. பார்ப்பவருக்கும் விற்பவருக்கும் ஒட்டு உறவு இருக்கக் கூடாது, பார்க்கும் பொருளைப் பற்றி அவருக்கு அறிவு இருக்க வேண்டும் என்பவை அதன் உயிர்நாடி. விவசாயிக்கு இதில் என்ன என்று கேட்கலாம். கும்மிடிப்பூண்டி ஆலைகளில் கொதிகலன் பக்கத்தில் நிற்பது இந்தக் கிராமங்களின் பிள்ளைகள்தானே!

இந்த விதி கடைப்பிடிக்கப்படாமல் போனால் நடப்பதை வேர்க்கடலைக்காரர்கள் அறிய வேண்டும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் பிளேக்லி என்ற ஊரில் ஒரு வேர்க்கடலை ஆலை. 2008ல் அங்கே வந்து பார்த்த தனியார் ஆய்வாளர் “மிக உயர்ந்த தரம்” என்று சான்று தந்தார். வரும் தேதி ஆலைக்கு முன்பே தெரியும். கூலி கொடுத்ததும் ஆலையே. வேர்க்கடலையில் சால்மொனெல்லா கிருமி எளிதில் தொற்றும் என்பதே அவருக்குத் தெரியாது என்று பிறகு பத்திரிகைகள் எழுதின. அந்த ஆலையின் சரக்கைத் தின்று 9 பேர் இறந்தார்கள், 700 பேருக்கு மேல் படுத்தார்கள். முதலாளிக்கு 2015ல் 28 ஆண்டு சிறை. அதற்கு முன்பே நாடு முழுவதும் மக்கள் கடலை வெண்ணெய் வாங்குவதைக் குறைத்துவிட்டதால், குற்றமே செய்யாத விவசாயிகளின் கடலைக்கும் கிராக்கி போயிற்று.

அங்கீகாரம் வாங்குவதும் வைத்துக்கொள்வதும் செலவு பிடிக்கும் காரியம்தான். அந்தச் செலவைச் சிறு விவசாயியின் கட்டணத்தில் ஏற்றுவது நியாயம் ஆகாது. மாவட்டத்துக்கு ஒரு பொதுச் சோதனைச் சாலையாவது மண்ணில் கன உலோகம், நீரில் கன உலோகம், விளைபொருளில் பூச்சிமருந்து மிச்சம் ஆகிய மூன்றுக்கும் அங்கீகாரம் பெற்று, விவசாயி கட்டக்கூடிய கட்டணத்தில் நடக்க வேண்டும். தொழிற்பேட்டை உள்ள மாவட்டங்களில் இதை முதலில் செய்ய வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்துக்கு அந்த வரிசையில் முன் இடம் கேட்க நியாயம் உண்டு.

இதற்காகக் கோட்டைக்குப் போக வேண்டியதில்லை. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. ஊர்க் குடிநீரைச் சோதித்த அறிக்கையைச் சபையில் வைக்கும்படி புதுவாயல் வட்டாரத்து விவசாயிகள் கேட்கலாம். வைத்தால், எந்தச் சாலை, எந்தத் தேதி, காரீயத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம்.