பிழையும் விலையும்

அரிய பொருளே பெருவிலை பெறுமென்பர். 1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலைக் கம்பெனியார் தம் சிகரெட்டுப் பெட்டிகளுள் பேஸ்பால் ஆட்டக்காரரின் வண்ணப்பட அட்டைகளை வைத்து வழங்கினர். 'டி-206' எனச் சேகரிப்போர் குறிக்கும் தொகுதி இதுவே. பிலடெல்பியா ஆட்டக்காரர் ஷெரி மகீயின் பெயர் முதலில் ஓரெழுத்துப் பிழையுடன் அச்சாயிற்று, பின்னர்த் திருத்தினர். திருத்திய அட்டை எளிதிற் கிட்டும். பிழைபட்டதோ பன்மடங்கு விலை பெறுகின்றது. ஜோ டாயில் என்பார் அமெரிக்கன் லீகினர்; அவரை நேஷனல் லீகினரெனக் குறித்த அட்டை அதனினும் அரிது.

இஃது அறியாமையென நகைப்பாருளர். நாம் நகையோம். அச்சுக்கூடத்தார் எங்ஙனம் பிழைத்தனர், எங்ஙனம் திருத்தினர் என்பதற்கு அவ்வட்டைகளே சான்று. சான்றென்ற அளவிலே அவை போற்றத்தக்கன.

ஆயின் விலையொன்றையே நாடுவோர் அச்சான்றைச் சிதைக்கவுந் துணிவர். ஹோனஸ் வாக்னரின் அரிய அட்டையொன்று 2007-ல் 28 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அதன் ஓரங்களைத் தாமே கத்தரித்ததாக, முன்னர் அதனை விற்ற வணிகரொருவர் 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பிழைபட்ட அட்டையிற் பொய்யில்லை, இதில் உண்டு.

ஆதலின், சேகரிக்கும் மாணவர்காள்! தபால்தலையாயினும் நாணயமாயினும், அதன் விலையை வினவுமுன் வரலாற்றை வினவுங்கள் என்பதே நம் கருத்து.