அப்ரோச் பொத்தானை அமத்துறதுக்கு முதல்

ஆறு பொத்தான், ஐந்து நிமிசம், விமானம் தானாகவே இறங்கும். ஃபிளைட் சிமியுலேற்றரில் ஐ.எல்.எஸ் அணுகுமுறையைச் சொல்லித்தருகிற எத்தனையோ வீடியோக்கள் இந்த வாக்குறுதியோடுதான் தொடங்குகின்றன. இது பொய் எண்டு நாங்கள் சொல்லேல்லை. பெரும்பாலும் இறங்கும்தான். எங்கட பிரச்சினையே அதுதான். ஏன் இறங்கியது என்று தெரியாமல் இறங்கினவருக்கு, ஏன் இறங்கவில்லை என்றும் ஒருநாளும் தெரியப்போவதில்லை.

முதலில் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஓடுபாதையின் மறுமுனைக்கு அப்பால் லோக்கலைசர் அன்ரனா நிற்கிறது. விமானம் தரையைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில் கிளைட் ஸ்லோப் அன்ரனா நிற்கிறது. லோக்கலைசர் இரண்டு தொனிகளை அனுப்புகிறது. இறங்க வரும் விமானத்துக்கு இடப்பக்கம் 90 ஹேர்ட்ஸ் ஓங்கியிருக்கும், வலப்பக்கம் 150 ஹேர்ட்ஸ். இரண்டும் சமனாகும் கோடுதான் ஓடுபாதையின் நடுக்கோடு. கிளைட் ஸ்லோப்பும் இதே வேலையை மேலும் கீழுமாகச் செய்கிறது. அங்கே இரண்டும் சமனாகும் சரிவு வழக்கமாக 3 பாகை. இவ்வளவுதான். ஓட்டோபைலட்டுக்கு ஓடுபாதை தெரியாது. அது இரண்டு தொனிகளை ஒப்பிட்டுக்கொண்டு வருகிறது. அந்தத் தொனி சரியான இடத்திலிருந்துதான் வருகிறதா என்று பார்ப்பது மனிசற்ற வேலை.

லண்டன் ஹீத்ரோவை எடுங்கோ. 27 வலது ஓடுபாதையின் ஐ.எல்.எஸ் அலைவரிசை 110.30 மெகாஹேர்ட்ஸ். அதே ஓடுபாதைக்கு எதிர்த்திசையிலிருந்து வந்தால் அதன் பெயர் 09 இடது. அதற்கும் 110.30தான். அப்படியென்றால் அலைவரிசையைச் சரியாகப் போட்டேன் என்பது எதை நிரூபிக்கிறது? ஒன்றையும் இல்லை. வித்தியாசம் அடையாள எழுத்துகளில் இருக்கிறது: ஒன்று ஐ.ஆர்.ஆர், மற்றது ஐ.ஏ.ஏ. மோர்ஸ் ஒலியாகவும் அது கேட்கும். ஏ320 இல் அணுகுமுறையைத் தெரிவுசெய்தால் கணினியே அலைவரிசையைப் போட்டுக்கொள்ளும். எல்.எஸ் பொத்தானை அமத்தினால் விமானியின் பிரதான திரையில் இடப்பக்கக் கீழ்மூலையில் அந்த எழுத்துகள் வரும். வீடியோ "எல்.எஸ்ஸை அமத்துங்கோ" என்று சொல்லும். "அமத்திப்போட்டு வாசியுங்கோ" என்று சொல்லாது.

அடுத்தது உயரம். 3 பாகைச் சரிவில் ஒரு கடல்மைலுக்கு ஏறத்தாழ 300 அடி இறங்க வேண்டும். ஓடுபாதைக்கு 10 கடல்மைல் முன்னால் என்றால், அதற்கு மேல் சுமார் 3000 அடியில் நிற்க வேண்டும். 5000 அடியில் நின்றுகொண்டு அப்ரோச் பொத்தானை அமத்துகிறவருக்கு என்ன நடக்கும்? அன்ரனாவின் இயல்பினால் 9 பாகை போன்ற செங்குத்தான கோணங்களிலும் பொய்யான சரிவுகள் உருவாகின்றன. மேலிருந்து வருகிறவர் அதில் மாட்டுப்படலாம். அதனால்தான் கிளைட் ஸ்லோப்பைக் கீழிருந்து பிடி என்கிறார்கள். இன்னொரு கணக்கும் இருக்கிறது. தரை வேகத்தை 5 ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்பது வரும். 140 நொட்டுக்கு 700 அடி. திரை 1500 காட்டினால் எங்கேயோ பிழை. இதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் பீடத்துக்குப் போகத் தேவையில்லை. ஐந்தாம் வாய்ப்பாடு காணும்.

பொத்தானில் வெளிச்சம் வந்துவிட்டது என்பதும் ஆதாரம் இல்லை. ஏ320 இல் திரையின் மேல்வரிசையில் நீலத்தில் எழுத்து வந்தால் விமானம் அந்தக் கற்றைக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். பச்சையானால்தான் பிடித்துவிட்டது. காத்திருக்கிறதும் பிடிச்சதும் ஒண்டில்லை.

"கேம் தானே, இதுக்கேன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு உண்மைச் சம்பவம். 2009 பெப்ரவரி 25 அன்று துருக்கிஷ் ஏர்லைன்ஸின் 1951 ஆம் இலக்கப் பறப்பு, ஒரு போயிங் 737-800, அம்ஸ்ரடாம் ஸ்கிபோலில் 18 வலது ஓடுபாதைக்கு ஐ.எல்.எஸ்ஸில் வந்துகொண்டிருந்தது. இடப்பக்க ரேடியோ உயரமானி திடீரென்று மைனஸ் 8 அடி காட்டியது. ஓட்டோ த்ரொட்டில் அதை நம்பி, தரையைத் தொடப்போகிறோம் என்று எஞ்சின் விசையை முழுதாகக் குறைத்தது. கிளைட் ஸ்லோப்பை மேலிருந்து பிடிக்க வேண்டியிருந்ததால், விசை குறைந்திருந்தது இயல்பாகவே தெரிந்தது. ஓட்டோபைலட் சரிவை விடாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டே போனது, வேகம் விழுந்துகொண்டே போனது. 'ரிட்டார்ட்' என்ற சொல் மேல்வரிசையில் இருந்தது. விமானி அறையில் தரையிறங்கும் செக்லிஸ்ட் இன்னும் முடியவில்லை. 135 பேரில் 9 பேர் இறந்தார்கள். அந்த விமானிகள் எங்களைவிட எத்தனையோ மடங்கு தெரிந்தவர்கள். அவர்களுக்கே இயந்திரத்தின் மௌனம் இப்படி ஒளித்து விளையாடியது என்றால், ஆறு பொத்தானை மட்டும் பாடமாக்கினவருடைய கதி என்ன?

"உண்மையான விமானிகளும் பட்டியல் வைத்துத்தானே செய்கிறார்கள்" என்பது அடுத்த வாதம். கேட்க நியாயம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் செக்லிஸ்ட் என்பது, தெரிந்துகொண்டு செய்த வேலையைத் திரும்பச் சரிபார்ப்பது. தெரியாததைச் செய்விக்கிற மந்திரம் இல்லை. அணுகுவதற்கு முதலே விமானிகள் இரண்டுபேரும் வரைபடத்தை வைத்துக் கதைத்துக்கொள்கிறார்கள்: எந்த ஓடுபாதை, எந்த அடையாளம், எந்தத் திசை, எந்த உயரத்தில் முடிவு, இறங்க முடியாவிட்டால் எந்தப் பக்கம் திரும்பி எவ்வளவு உயரம் ஏறுவது. கடைசிக் கேள்வியைக் கவனியுங்கோ. வகை ஒன்று ஐ.எல்.எஸ்ஸில் முடிவு உயரம் வழக்கமாக ஓடுபாதைக்கு மேல் 200 அடி. அங்கே விளக்குகளோ ஓடுபாதையோ தெரியாவிட்டால் மேலே ஏறியே ஆக வேண்டும். ஓர் அணுகுமுறையில் மனிதர் எடுக்கிற மிகப் பெரிய முடிவு அதுதான். ஆறு பொத்தான் பட்டியலில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது, ஏனெனில் அந்தப் பட்டியலில் எல்லா விமானமும் இறங்கிவிடும்.

எங்களுக்கு இது ஏன் இவ்வளவு சுடுகிறது? நாங்கள் இந்தப் பட்டியலிலேயே வளர்ந்தவர்கள். ரியூசன் நோட்ஸ், மாதிரி விடை, "இந்தக் கேள்வி வந்தால் இதை எழுது". கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் மண்டபமே திகைத்து நிற்கும். அதே பழக்கத்தைப் பொழுதுபோக்குக்குள்ளும் கொண்டுவந்தால், கேள்வி கேட்க மிச்சம் எந்த இடம் இருக்கிறது? "ஆர்ட்ஸ் பிள்ளையளுக்கு இதெல்லாம் என்னத்துக்கு" என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அணுகுமுறை வரைபடம் என்பது ஒரு பக்கப் பிரதி. இதை யார் சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார், வேறொரு சான்று ஒத்துப்போகிறதா என்று கேட்டு வாசிப்பதைத்தான் எங்கட பீடத்தில் மூன்று நாலு வருசம் பழகுகிறோம். அடையாள எழுத்தைச் சரிபார்ப்பதும், தூரத்தை உயரத்தோடு ஒப்பிடுவதும் அதே வாசிப்புத்தான்.

ஆகவே எங்கட கோரிக்கை சின்னது. ஃபிளைட்கியர் இலவசமாகவே கிடைக்கிறது. வீடியோவை நிப்பாட்டிப்போட்டு வரைபடத்தைத் திறவுங்கோ. முகில் அடியை 100 அடிக்கு இறக்கிவிட்டு ஒருக்கா வந்து பாருங்கோ, 200 இல் ஒன்றும் தெரியாது, மேலே ஏறத்தான் வேண்டும். பிறகு வேண்டுமென்றே உயரமாக வந்து என்ன நடக்கிறதென்று பாருங்கோ. விழுந்தால் திரும்பத் தொடங்கலாம், சிமியுலேற்றர் தருகிற பெரிய சுதந்திரம் அதுதான். வடிவாய் இறங்கினீங்களோ எண்டு நாங்கள் கேக்கமாட்டம். 200 அடியில் என்னத்தைக் கண்டீங்கள், எதை நம்பி இறங்க முடிவெடுத்தீங்கள் எண்டுதான் கேப்பம்.