அட்டை கிழிந்தால் தறியைக் கொளுத்துவார்களா?

"இதுக்கு இனிமே உயிர் இல்லண்ணா. கேபினெட்டை வேணா வச்சுக்கோங்க, மத்ததத் தூக்கிப் போட்டுருங்க."

கடைத் தம்பி இதைச் சொன்னபோது என் கம்ப்யூட்டர் அவன் மேசையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் நான் பாதி போட்டு வைத்திருந்த யாளி முந்தானை. உயிர் இல்லையென்று அவன் சொன்ன பொருள் அவன் எதிரிலேயே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது, அவன் 48 ஆயிரத்துக்கு கொட்டேஷன் எழுதிக்கொண்டிருக்கிறான். தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. மேலே சொன்னதை அவன் திருப்பிச் சொல்கிறான், அவ்வளவுதான். கோபமெல்லாம் அந்த மேலே இருப்பவர்கள் மேலும், அதை நம்பும் நம் மேலும்.

நான் ஆரணிக்காரன். அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் பட்டு நெய்கிறவர்கள். நான் தறியில் உட்காரவில்லை. நாலைந்து புடவை வியாபாரிகளுக்கு பில் போடுவது, ஜிஎஸ்டி கணக்கு அனுப்புவது, ஜாக்கார்டுக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது என்று இந்தக் கம்ப்யூட்டரை வைத்துத்தான் பிழைப்பு. ராத்திரி பத்து மணிக்கு மேல் அதே பெட்டியில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ். 2014 கடைசியில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கி, கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்தது. ஐ5 நாலாம் தலைமுறை பிராசஸர், 4 ஜிபி ராம், ஒரு டிபி ஹார்ட் டிஸ்க். அன்றைக்கு எங்கள் தெருவிலேயே அதுதான் ராஜா.

48 ஆயிரம் எங்கள் வீட்டுக் கணக்கில் எவ்வளவு தெரியுமா? இரண்டு பேர் குழித்தறியில் கால் மரத்துப்போக உட்கார்ந்து சம்பாதிக்கிற நாலு மாசக் கூலி. அதைக் கொடுத்துவிட்டு நான் என்ன செய்யப்போகிறேன்? அதே பில், அதே டிசைன், அதே விளையாட்டு.

*

சரி, அது ஏன் "செத்தது"? எந்தப் பாகமும் எரியவில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்குப் போகலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பிராசஸர் வேண்டும். அதாவது 2017-க்கு முந்தைய பெட்டி பெரும்பாலும் வரிசையிலேயே நிற்க முடியாது. இதனால் சுமார் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகலாம் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023-லேயே கணித்தது. 24 கோடி பெட்டிகள் ஒரு தேதியில், ஒரு அறிவிப்பில் கெட்டுப்போகின்றன. பொருள் தேய்வதால் குப்பையாவது இயற்கை. இங்கே நடப்பது தேதி போட்டுக் குப்பையாக்குவது.

உடனே ஒருவர் வருவார். "பாதுகாப்பு ப்ரோ. உனக்கு செக்யூரிட்டி தெரியாது."

தெரியும் ப்ரோ. பேட்ச் வராத சிஸ்டத்தை நெட்டில் விட்டால் ஆபத்து என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. அந்த பேட்ச்சைத் தயாரிக்க முடியாமலா நிறுத்தினார்கள்? அதே விண்டோஸ் 10-க்கு 30 டாலர் கட்டினால் 2026 அக்டோபர் வரை பேட்ச் தருகிறார்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருந்தால் அதுவும் இலவசம். இயந்திரங்களுக்குள் வைப்பதற்கென்றே விண்டோஸ் 10-இல் ஐஓடி எண்டர்பிரைஸ் என்று ஒரு பதிப்பு உண்டு. அதன் 2021 நீண்டகாலப் பதிப்புக்கு 2032 ஜனவரி வரை ஆதரவு. ஆக, பேட்ச் எழுதுகிற கை ஓயவில்லை. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு நிறுத்துவது என்பதுதான் முடிவு. இதைப் பாதுகாப்பு என்று சொல்லாதீர்கள். வியாபாரம் என்று சொல்லுங்கள், நானும் வியாபாரிகளுக்கு பில் போடுகிறவன்தான், புரிந்துகொள்கிறேன்.

*

எங்கள் ஊரில் ஒரு பொருள் எப்படிப் பழசாகிறது என்று கொஞ்சம் பாருங்கள்.

தறிக்கு மேலே ஜாக்கார்டு பெட்டி இருக்கும். அதில் ஓட்டை போட்ட அட்டைகள் கயிற்றில் கோத்து மாலை மாதிரித் தொங்கும். ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், கொக்கி தூக்கும், பாவு இழை மேலே வரும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும், இழை கீழேயே நிற்கும். ஒரு அட்டைக்கு ஒரு ஊடை. உண்டு, இல்லை; ஒன்று, பூஜ்யம். பிரான்ஸில் ஜோசப் மரி ஜாக்கார்டு 1804-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. இந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு ஓட்டை அட்டை போதும் என்று யோசித்தார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் ஓட்டை அட்டைகளைத்தான் எண்ணினார். அவருடைய கம்பெனி இணைந்த நிறுவனம்தான் பிற்பாடு ஐபிஎம் ஆனது. கம்ப்யூட்டருக்கு நாங்கள் புதுசில்லை. எங்கள் தலைக்கு மேல் அதன் தாத்தா தொங்கிக்கொண்டிருக்கிறார்.

அட்டை கிழிந்தால் அந்த ஒரு அட்டையை வெட்டிக் கோப்போம். கயிறு இற்றுப்போனால் கயிறு. விழுது தேய்ந்தால் விழுது. பாவு தீர்ந்தால்கூட பழைய பாவின் நுனியை அச்சிலேயே விட்டு, புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக அதோடு பிணைப்பார்கள். அம்மா உட்கார்ந்தால் எழ மாட்டாள். பழசைப் பிடித்துக்கொண்டுதான் புதுசு உள்ளே வரும். அட்டை கிழிந்ததற்காகத் தறியைக் கொளுத்தியவன் என்று ஒருத்தனை எங்கள் தெருவில் காட்டுங்கள் பார்ப்போம்.

இதைக் கைத்தறிப் பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று விற்கிற வியாபாரம் இந்தத் தொழிலில் இருக்கிறது. 1985-இல் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்த பிறகும் இருக்கிறது. நாங்கள் உத்தமர்கள் இல்லை. ஆனால் கெட்டதை மட்டும் மாற்று என்கிற ஒழுங்கு எங்களுக்குத் தெரியும். ஏனென்றால் மொத்தமாக மாற்ற எங்களிடம் காசு இருந்ததே இல்லை.

*

இப்போது உங்களிடம் வருகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பாட்டியின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு "ஐம்பது வருஷப் புடவை" என்று படம் போடுகிறவர்கள் நீங்கள். ஃபாஸ்ட் ஃபேஷனைத் திட்டி நல்ல கட்டுரைகள் எழுதுகிறவர்கள். அதே கையால் மூன்று வருஷத்துக்கு ஒரு லேப்டாப், இரண்டு வருஷத்துக்கு ஒரு போன். கேட்டால் "ஸ்லோவாயிடுச்சு" என்பீர்கள். பெரும்பாலும் ஸ்லோவானது ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் தீர்ந்தது. நெசவாளியின் கையில் நீடித்து உழைக்கிற பொருள் என்றால் மரபு; மேசை மேல் நீடித்து உழைக்கிற பொருள் என்றால் கஞ்சத்தனம். இது என்ன நியாயம்?

உலகம் 2022-இல் உண்டாக்கிய மின்குப்பை 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22 சொச்சம் என்கிறது ஐநா அமைப்புகளின் அறிக்கை. மிச்சத்தில் எவ்வளவோ ஏதோ ஒரு ஊரில், கையுறை இல்லாத யாரோ ஒருவரின் கையால் உடைக்கப்படுகிறது. இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் புது மின்கழிவு விதிகள் அமலில் இருக்கின்றன. பொருளைத் தயாரித்தவர் அதன் கழிவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். நல்லது. ஆனால் நல்ல நிலையில் இருக்கிற பொருளை மென்பொருளை நிறுத்திக் கழிவாக்கினால் யார் பொறுப்பு? அந்தக் கேள்வி அந்த விதிகளுக்கு வெளியே நிற்கிறது. 2022-இல் ஒன்றிய அரசு "பழுதுபார்க்கும் உரிமை" என்று குழு அமைத்தது, இணையதளம் திறந்தது. உதிரிபாகமும் கையேடும் கேட்பது சரி. பேட்ச்சும் ஒரு உதிரிபாகம்தான் என்று யாராவது கேட்க வேண்டும். நான் கேட்கிறேன்.

*

"சரி, நீ என்ன பண்ணினே?" நியாயமான கேள்வி.

ஒரு எஸ்எஸ்டி போட்டேன். செகண்ட்ஹேண்டில் இன்னொரு 4 ஜிபி ராம். பிராசஸருக்குப் புது பேஸ்ட், மதர்போர்டுக்குப் புது பேட்டரி. எல்லாம் சேர்ந்து கொட்டேஷனில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. எஸ்எஸ்டியில் லினக்ஸ் மிண்ட். ஜிஎஸ்டி தளம், பேங்க், மெயில் எல்லாம் அதில். பில்லுக்கு லிப்ரே ஆபீஸ். டாலியும் டிசைன் சாஃப்ட்வேரும் விண்டோஸ் இல்லாமல் அடம்பிடித்தன. அவற்றைப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 10-லேயே விட்டு, அந்தப் பக்கம் போகும்போது நெட் வயரைப் பிடுங்கிவிடுகிறேன். டிசைன் பென் டிரைவில் போகும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஸ்டீமில், லினக்ஸிலேயே ஓடுகிறது.

இது வீரதீரம் ஒன்றுமில்லை. கேரளத்துப் பள்ளிக்கூடங்கள் வருஷக்கணக்காக லினக்ஸில்தான் கணினி சொல்லித்தருகின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்வதை நானும் செய்தேன்.

என் வாதம் எங்கே தோற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா பையனுக்கு வாலரண்ட் வேண்டும். அது லினக்ஸில் ஓடாது. விண்டோஸ் 11-க்கு மாறினாலும் டிபிஎம் கேட்கும். "மாமா, இது டப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான். பதில் இல்லை. வீடியோ எடிட் செய்கிறவர், முப்பரிமாண வேலை செய்கிறவர் புதுசு வாங்கட்டும், தேவை இருக்கிறது. என் மதர்போர்டும் ஒருநாள் போகும். அன்றைக்கு எந்த அலுவலகமோ கழித்துவிட்ட எட்டாம் தலைமுறைப் பெட்டி ஒன்றை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிக்கொள்வேன். இந்த எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டுவேன். பழைய பாவு, புதுப் பாவு.

மாற்றவே கூடாது என்பதல்ல என் கட்சி. எது கெட்டதோ அதை மாற்று. கெட்டதா இல்லையா என்பதை நீ பார்த்து முடிவுசெய், உன் பெட்டியைப் பார்த்தே இராத ஒருவன் போட்ட தேதி முடிவுசெய்யக் கூடாது.

கொட்டேஷனைக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏண்டா, இதுல எது அறுந்துபோச்சு?"

ஒன்றும் அறுக்கலப்பா என்றேன். பேப்பரை என் கையில் கொடுத்துவிட்டுத் தறிக்குள் இறங்கினார்.